71 மில்லிமீட்டர்

பறவையின் உயரத்தை லென்ஸின் குவியத் தொலைவால் பெருக்கி, நமக்கும் பறவைக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுத்தால், சென்சாரின் மேல் விழும் பிம்பத்தின் உயரம் கிடைத்துவிடும். ஆண்டுதோறும் ஒளியியல் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிற எனக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கு என் சம்பளத்தையும் தோள்பட்டையையும் தொட்டது 2011-இல், பள்ளிப் பிள்ளைகளை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போய்வந்த பிறகு.

ஜனவரி மாதம். ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கிளை தெரியாத அளவுக்குக் கூடுகள். நத்தைக்குத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வக்கா என்று பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டே போனார்கள். என் கையில் கேனான் 500டி. அதனோடு பெட்டியிலேயே வந்த 18-55 லென்ஸ். கரைக்கும் கூட்டுக்கும் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சங்குவளை நாரை நிமிர்ந்து நின்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர். 55 எம்எம்-இல் சென்சாரின் மேல் அதன் உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. படத்தின் அகலத்தில் இருக்கும் 4752 புள்ளிகளில் அந்த நாரையின் மொத்த உடம்புக்கும் கிடைப்பது 200 புள்ளிகள். வீட்டில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். நாரை என்று சொல்லலாம். இறக்கையின் விளிம்பில் ஓடும் அந்த இளஞ்சிவப்பைக் காட்ட முடியாது.

கரையை விட்டு இறங்கி நெருங்கிப் போக அங்கே வழியில்லை, போகவும் கூடாது. வேடந்தாங்கல் இன்றுவரை நிலைத்திருப்பதே அந்த ஊர்க்காரர்கள் எட்டி நின்றதால்தான். 1798-இல் கலெக்டர் லயனெல் பிளேஸிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு எழுதி வாங்கியவர்கள் அவர்கள். 1858-இல் அதை மறுபடியும் உறுதி செய்துகொண்டார்கள். அரசாங்கம் சரணாலயம் என்று சொன்னதெல்லாம் இருபதாம் நூற்றாண்டில். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அறிந்தவர்கள், தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்தாமல் இருக்கப் பழகியவர்கள். அப்படிப்பட்ட ஊருக்குப் போய், படத்துக்காகப் பத்தடி முன்னால் போகலாமா என்று யோசிப்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆக, அந்தச் சூத்திரத்தில் உள்ள மூன்று எண்களில் பறவையின் உயரம் பறவையுடையது. தூரத்தையும் பறவைதான் முடிவு செய்கிறது. என் கைக்கு விடப்பட்டது குவியத் தொலைவு ஒன்றுதான்.

எங்கள் வீடு மேடவாக்கத்தில். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைக் கடக்காமல் பள்ளிக்கும் கடைக்கும் போக முடியாது. துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் ரேடியல் சாலை அந்தச் சதுப்பை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. அப்படி ஒரு சாலை போட்டிருக்கவே கூடாது என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சாலையோரத்தில் நின்றுதான் நான் பறவைகளைக் கற்றுக்கொண்டேன். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், வடக்கே பார்த்து நின்றால் காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், பறவையின் மேல் நேராக விழும். நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, நீளவால் இலைக்கோழி எல்லாம் பக்கத்திலேயே மேயும். மீசை ஆலாக்கள் தண்ணீருக்கு மேலே திரும்பித் திரும்பிப் பறக்கும். சில ஆண்டுகளில் பூநாரைகள் கூட்டமாக வந்து நிற்கும்.

அங்கேதான் அவரைச் சந்தித்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஃபிலிம் காலத்திலிருந்து படமெடுப்பவர். ஒரு ரோலில் 36 படம், அதில் ஒன்று தேறினால் அந்த மாதம் நல்ல மாதம் என்று இருந்தவர். கனமான முக்காலி, அதன் மேல் கிம்பல் ஹெட், அதில் ஊஞ்சல் போல ஆடும் 500 எம்எம் எஃப்/4. அந்த லென்ஸ் மட்டுமே ஏறக்குறைய 3.9 கிலோ. நான் லென்ஸ் வாங்கப் போகிறேன், எத்தனை எம்எம் வாங்கலாம் என்று கேட்டேன்.

"எத்தனை எம்எம்னு அப்புறம் பாப்போம், டீச்சரம்மா. எத்தனை கிலோன்னு முதல்ல கேளுங்க," என்றார். பிறகு, "பைனாகுலர் இருக்கா?"

இல்லை என்றேன்.

"அப்ப அதை வாங்குங்க முதல்ல. பாக்கத் தெரிஞ்சா பாதிப் படம் எடுத்த மாதிரி."

அவர் சொன்னபடி 8×42 பைனாகுலர் வாங்கினேன். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. விடியற்காலை மங்கலில் நம் கண்மணி விரிகிற அளவுக்கு அது ஏறக்குறைய ஒத்துப்போகிறது. பத்து மடங்கு வாங்கச் சொன்னவர்களும் உண்டு. பெரிதாகத் தெரியும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். அந்தக் குளிர்காலம் முழுவதும் கேமராவைப் பெரும்பாலும் வீட்டில் வைத்துவிட்டு பைனாகுலரோடு நின்றேன். ஆலா திரும்புவதற்கு முன் தலையைக் கீழே குனிக்கும். நீர்க்காகம் முழுகிய இடத்தில் எழாது. கொக்கு பறக்கப் போகிறதென்றால் கழுத்தைச் சுருக்கி முன்னால் சாயும். இதெல்லாம் தெரிந்த பிறகுதான் என்ன லென்ஸ் வேண்டும் என்ற கேள்விக்கு எனக்கென்று ஒரு பதில் உருவானது. புதிதாக வருபவர்கள் யார் கேட்டாலும் இந்த வரிசையைத்தான் நான் சொல்கிறேன், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அவர் தன் லென்ஸில் என்னைப் பார்க்கவும் விட்டார். அரை மணி நேரம் அதன் பின்னால் நின்றேன். எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்த கருப்பு வெள்ளை மீன்கொத்தியின் கண்ணில் வானம் தெரிந்தது. அப்படி ஒரு தெளிவை அதுவரை நான் பார்த்ததில்லை. 500-ஐ 4-ஆல் வகுத்தால் 125: அத்தனை மில்லிமீட்டர் அகலமான வாய் வழியாக ஒளி உள்ளே போகிறது. எஃப் எண் என்று நாம் சொல்வது குவியத் தொலைவை இந்த வாயின் விட்டத்தால் வகுத்த எண்தானே. பறவையிடமிருந்து வருகிற ஒளியில் எவ்வளவு நமக்குச் சொந்தம் என்பதை அந்த வாய்தான் தீர்மானிக்கிறது. கண்ணாடி பெரிதாகப் பெரிதாக எடை ஏறுகிறது, விலை அதைவிட வேகமாக ஏறுகிறது. அதன் விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டதோடு அந்தப் பக்கம் யோசிப்பதை நிறுத்தினேன். அது என் வாழ்க்கைக்கு எட்டாத தொகை. எடைதான் என்னை மேலும் யோசிக்க வைத்தது. அவர் ஓரிடத்தில் முக்காலியை ஊன்றி, பறவை வரும்வரை மணிக்கணக்காக இருப்பவர். நான் நடக்கிறவள். ஒரு கையில் பிள்ளைகள், ஒரு கையில் நோட்டு. சாலையோரம் லாரிகள் காற்றடித்துக்கொண்டு போகிற இடத்தில் முக்காலியை விரிக்கவே எனக்குப் பயம். கையில் பிடித்து, வானத்துக்குத் தூக்கி, பறவையோடு சேர்ந்து திரும்பக்கூடிய லென்ஸ் வேண்டும்.

அப்போது என் கைக்கு எட்டியவை இரண்டு மூன்றுதான். ஒரு சக ஆசிரியையிடம் 55-250 இருந்தது. உட்கார்ந்த பறவைக்குப் போதும். பறக்கும் ஆலாவை அதன் ஃபோகஸ் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஆலா பெருங்குடிப் பக்கம் போய்விடும். கேனானின் 100-400 நன்றாக இருந்தது. 1998-இல் வந்தது, கை நடுக்கத்தைத் தணிக்கும் ஐஎஸ் உண்டு, முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும் ஜூம். இன்னொன்று அதற்கும் மூத்த 400 எம்எம் எஃப்/5.6. 1993-இல் வந்தது. ஜூம் கிடையாது, ஐஎஸ் கிடையாது. 3.5 மீட்டருக்கு உள்ளே வந்த எதையும் ஃபோகஸ் செய்யாது. எடை 1.25 கிலோ.

வசதிகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் 100-400 எல்லா வரியிலும் ஜெயிக்கும். ஆனால் ஐஎஸ் தணிப்பது என் கையின் ஆட்டத்தை. ஆலாவின் இறக்கை ஆடுவதை அது நிறுத்தாது. அதை நிறுத்த ஷட்டர் ஸ்பீடு 1/1600, 1/2000 வேண்டும். அந்த வேகத்தில் கை ஆடினால்கூடப் படத்தில் அவ்வளவாகத் தெரியாது. நான் எடுக்கப்போவது காலை வெயிலில், திறந்தவெளி நீர்நிலையில், பெரும்பாலும் பறக்கிற பறவைகளை. எனக்கு ஐஎஸ் எத்தனை நாள் உதவும்? ஜூமும் அப்படித்தான். பள்ளிக்கரணையில் நின்று பறவை மிக அருகில் வந்துவிட்டதே, 100-க்குக் குறைப்போமா என்று யோசித்தவர்கள் குறைவு. எல்லோரும் ஜூமைக் கடைசிவரை தள்ளி வைத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

இருந்தும் உடனே முடிவு செய்யவில்லை. இரண்டையும் வாடகைக்கு எடுத்தேன். சனி, ஞாயிறு முழுக்க மொட்டை மாடியில் நின்று கரும்பருந்தையும் உழவாரனையும் துரத்தினேன். கடை வாசலில் நின்று எதிர்க்கட்டடத்தின் போர்டை எடுத்துப் பார்ப்பதெல்லாம் சோதனையே அல்ல. ஒரு மணி நேரம் தூக்கி இறக்கிய பிறகு கை என்ன சொல்கிறது, கண்ணுக்குக் கொண்டுபோன உடனே பறவை உள்ளே இருக்கிறதா, வெளியே போனால் மறுபடி எத்தனை சீக்கிரம் பிடிக்க முடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 400 எப்போதும் ஒரே நீளம், ஒரே சமநிலை. இடது உள்ளங்கை எங்கே தாங்க வேண்டும் என்பது முதல் நாளிலேயே கைக்குப் பழகிவிட்டது. சனிக்கிழமை மாலைக்குள் நெஞ்சு அதன் பக்கம் சாய்ந்துவிட்டது.

புதிது வாங்கப் பணம் போதவில்லை. பழையதைத் தேடினேன். முதலில் கிடைத்த லென்ஸைக் கடைக்காரர் துடைத்து வைத்திருந்தார், வெளியே ஒரு கீறல் இல்லை. துறைமுகத்துப் பெரியவர் சொல்லி அனுப்பியபடி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியே சாய்வாகப் பார்த்தேன். உள்ளே ஒரு கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய நூல் பின்னியது போலப் பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு லென்ஸ் கொடுக்கும் விலை அது. வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தேன். இரண்டாவதாகப் பெங்களூரிலிருந்து ஒன்று வந்தது. வெளியே வண்ணம் உரிந்து, ஹூட் தளர்ந்து இருந்தது. உள்ளே துளி மாசு இல்லை. ஆட்டோஃபோகஸ் ஓசையில்லாமல் ஓடியது. அதுதான் இன்றும் என்னிடம் இருக்கிறது. 400-ஐ 5.6-ஆல் வகுத்தால் 71.4. என் லென்ஸின் வாய் 71 மில்லிமீட்டர் அகலம்.

அதை வைக்க மூடி இறுகிய ஒரு பிளாஸ்டிக் பெட்டியும், சிலிகா ஜெல்லும், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் வாங்கினேன். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரத்தை உறிஞ்சி நிறைந்துவிட்டன என்று பொருள். சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் மெல்லிய தீயில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அந்த நிறமாற்றத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு, அது நஞ்சு. அதனால் வாணலி தனியாகவே இருக்கட்டும். லட்ச ரூபாய் லென்ஸ் வாங்கிவிட்டு அதைத் துணிப்பையோடு பீரோவில் பூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. அடுத்த ஐப்பசி மழைக்குள் பூஞ்சை வந்துவிடும்.

சூத்திரத்துக்கு வருகிறேன். 60 மீட்டரில் நிற்கும் ஒரு மீட்டர் நாரை, 400 எம்எம்-இல் 6.7 மில்லிமீட்டர். சென்சாரின் உயரமே 14.9 மில்லிமீட்டர்தான்; கிட்டத்தட்ட பாதியை நாரை நிரப்பிவிடுகிறது. 10 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் 17 சென்டிமீட்டர் சிறிய மீன்கொத்தியும் அதே அளவு. நாரைக்கு வேடந்தாங்கல் கரை போதும். மீன்கொத்திக்கு 10 மீட்டர் வரை போக வேண்டும், அது சம்மதித்தால். பறவை சிறிதாகச் சிறிதாக நாம் கொடுக்கும் விலை கூடிக்கொண்டே போகிறது. தையல்சிட்டு, தேன்சிட்டு எடுக்க ஆசைப்படுபவர்கள் 600 எம்எம் தேடுவதும், கூழைக்கடா எடுப்பவர்கள் 300 எம்எம்-இல் நிம்மதியாக இருப்பதும் இதனால்தான். எந்த லென்ஸ் நல்லது என்று கேட்பதற்கு முன் எந்தப் பறவை, எந்தக் குளம் என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

என் லென்ஸ் கைவிட்ட இடங்களும் உண்டு. வீட்டுக்குப் பக்கத்திலேயே நன்மங்கலம் காப்புக்காடு. ஐப்பசியில் தோட்டக்கள்ளன் வந்து இறங்கும். ஒன்பது நிறம் கொண்ட அந்தப் பறவை புதர்களுக்கு அடியில், சருகுகளுக்கு நடுவே, வெயில் எட்டாத நிழலில் தத்தித் தத்தி மேயும். அங்கே எஃப்/5.6 போதாது. 1/60-க்கு மேல் ஷட்டர் ஏறாது. ஐஎஸ்ஓ-வை 3200-க்கு ஏற்றினால் அந்தக் காலத்துக் கேமரா பாடியில் படம் மணல் கொட்டினாற்போல் ஆகிவிடும். 300 எம்எம் எஃப்/2.8 வைத்திருந்த ஒருவர் பக்கத்தில் நின்று நாலு மடங்கு ஒளியில் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பைனாகுலரில் பார்த்தேன். வயிற்றின் அடியில் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். காட்டுப் பறவைகள்தான் உங்கள் மனதில் இருக்கின்றன என்றால் என் லென்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒளிதான் அங்கே முதல் பிரச்சினை, நீளம் அப்புறம்.

நீளத்தாலும் தீராத ஒன்றைக் கோடியக்கரையில் பார்த்தேன். உப்பளத்துக்கு அப்பால் பூநாரைகள். காலை பத்து மணியைத் தாண்டிவிட்டது. யாரிடம் எந்த லென்ஸ் இருந்தாலும், அந்தச் சூடான தரைக்கு மேல் அலையும் காற்று எல்லாப் படத்தையும் கரைத்தது. 600 எம்எம், அதன் பின்னால் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் போட்டவருக்குக் கானல்தான் பெரிதாகத் தெரிந்தது. டெலிகன்வெர்ட்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1.4 மடங்கு போட்டால் ஒளியில் பாதி போய்விடும். என் 400 எஃப்/5.6, 560 எஃப்/8 ஆகும். அன்றைய என் பாடி எஃப்/8-இல் ஆட்டோஃபோகஸே செய்யாது. அதனால் அந்த யோசனையை எடுத்தவுடனே விட்டுவிட்டேன். பூநாரையை எடுக்க ஒரே வழி விடியும் முன் போய் இருப்பது.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்த அந்த இயற்கையியலாளர் கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். பல கருவிகளின் பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிக்கொண்ட கேமராவுக்கு சூப்பர் பாண்டெரோசா என்று பெயர் வைத்திருந்தார். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்ட ஒருவர் கருவியிடம் போகிற விதம் அது. கடையில் இருப்பதில் எது சிறந்தது என்று அவர் கேட்கவில்லை.

பாடிகள் வந்து போயின. 500டி நொடிக்கு மூன்று படத்துக்குச் சற்று மேலே எடுக்கும். இறக்கை மேலே இருக்கும்போது ஒன்று, கீழே இருக்கும்போது ஒன்று, நடுவில் நடந்தது எதுவும் கிடைக்காது. 2014-இன் கடைசியில் 7டி மார்க் 2 வந்ததும் பழைய 7டி-யின் விலை இறங்கியது, அதை வாங்கினேன். நொடிக்கு 8 படம். பிறகு நெடுநாள் எதையும் மாற்றவில்லை. டாம்ரான், சிக்மா இரண்டும் 150-600 கொண்டுவந்தபோது சதுப்பில் நின்ற பாதிப்பேர் அதற்கு மாறினார்கள். நடுத்தர வர்க்கத்துக்கு 600 எம்எம் முதன்முதலாக எட்டியது அப்போதுதான். நிக்கான்காரர்களுக்கு 2015-இல் 200-500 எஃப்/5.6 வந்தது. பெரும்பாலானவை இரண்டு கிலோவை ஒட்டியவை. பெரியவர் தன் 500-ஐ விற்றுவிட்டு இதில் ஒன்றை வாங்கிக்கொண்டார். முதுகு கேட்கவில்லை, டீச்சரம்மா என்றார். படம் கொஞ்சம் குறைந்ததாக அவருக்குத் தோன்றியது. ஆனால் வாரத்தில் நாலு நாள் வர ஆரம்பித்தார்.

அந்த ஆண்டுதான் என் மாணவன் ஒருவன் தன் அண்ணனின் நிக்கான் பி900-ஐத் தூக்கிக்கொண்டு வந்தான். 2000 எம்எம், மிஸ் என்றான். அது ஃபுல் ஃபிரேமோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். உள்ளே இருக்கும் உண்மையான குவியத் தொலைவு 357 மில்லிமீட்டர், சென்சார் விரல் நகத்தைவிடச் சிறியது. இருவரும் கணக்குப் போட்டோம். 357-ஐ 6.5-ஆல் வகுத்தால் வாய் 55 மில்லிமீட்டர். அந்த விலைக்கு இது பெரிய விஷயம், அவனிடம் அப்படியே சொன்னேன். பறக்கிற பறவையை அதில் பிடிக்க முடியாது, திரையில் தெரிவதே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும். ஆனால் சேற்றில் மேய்கிற உள்ளான் வகைகளின் கால் நிறம், அலகின் வளைவு எல்லாவற்றையும் அவன் தெளிவாகக் கொண்டுவந்தான். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் எங்கள் பட்டியலில் சந்தேகமாக இருந்த பெயர்களை அந்தப் படங்கள்தான் தீர்த்து வைத்தன. மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளை இப்படித்தான் தொடங்க வேண்டும். தவணையில் லட்ச ரூபாய் லென்ஸ் வாங்குவதை நான் ஒருபோதும் ஊக்குவித்ததில்லை.

தூரம் என்பது பறவைக்கு என்ன என்பதைப் பாலாற்றுப் படுகையில் ஒரு கோடையில் முழுதாகப் பார்த்தேன். பச்சைப் பஞ்சுருட்டான்கள் மணல் திட்டில் வளை தோண்டிக் குஞ்சு பொரித்திருந்தன. எங்களுக்கு முன்பே சிலர் வளைக்கு ஐந்தாறு மீட்டரில் படுத்திருந்தார்கள். கையில் 70-300. தாய்ப் பறவை அலகில் தட்டானோடு மேலே கம்பியில் உட்கார்ந்திருந்தது. வளையைப் பார்க்கும், எங்களைப் பார்க்கும், இறங்கப் போவது போல முன்னால் குனியும், மறுபடி நிமிரும். அதன் இணை வந்தது. அதுவும் இரையோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. படம் எடுக்கிறவர்களுக்கு அது அழகான காட்சி. அலகில் தட்டான், பின்னால் வெளிறிய மணல். ஆனால் வளைக்குள் குஞ்சுகள் வெயிலில் பசியோடு காத்திருந்தன. நான் போய்ச் சொன்னேன். ஒருவர் முகம் சுளித்தார், மற்றவர்கள் எழுந்து வந்தார்கள். எல்லோருமாகப் பின்னால் நகர்ந்துகொண்டே போனோம். ஓரிடம் வந்ததும் தாய்ப் பறவை நேராக இறங்கி வளைக்குள் போனது. உடனே இணையும் போனது. அடியெடுத்து அளந்து பார்த்தேன், ஏறத்தாழ 20 மீட்டர். அன்று அந்தப் பறவை சம்மதித்த தூரம் அது. வேறு திட்டில் வேறு பறவைக்கு வேறு எண்ணாக இருக்கும்.

20 மீட்டரில் அந்தப் பறவை என் 400-இல் 3.6 மில்லிமீட்டர், 7டி-யில் 835 புள்ளிகள். ஒரு பக்கப் படத்துக்குப் போதும். 70-300-காரர்களுக்கு அது போதாது என்பதால்தான் அவர்கள் முன்னால் போயிருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. கையிலிருக்கும் கருவி ஆளை எங்கே நிறுத்துகிறது என்பதை அன்று என் கண்ணால் பார்த்தேன். கூட்டுப் பக்கம் போகவே போகாதீர்கள் என்பதுதான் என் முதல் யோசனை. போகத்தான் வேண்டும் என்றால், பறவை இரையோடு காத்திருக்கிறதா, குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறதா, வந்து வந்து திரும்புகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் நீங்கள் நிற்கும் இடம் தவறு. எவ்வளவு பெரிய லென்ஸ் வைத்திருந்தாலும் தவறு.

2023-இல் கேனான் ஆர்7-க்கு மாறினேன். இந்தக் கணக்கு அதற்கும் ஒரு காரணம். 7டி-யில் ஒரு மில்லிமீட்டருக்கு 232 புள்ளிகள், ஆர்7-இல் 312. அதே லென்ஸில், அதே 835 புள்ளிகளைக் கொண்ட பஞ்சுருட்டானை 20 மீட்டருக்குப் பதில் 27 மீட்டரிலிருந்து எடுக்கலாம். ஏழு மீட்டர் பின்னால் போய் நிற்பதற்காக நான் கொடுத்த பணம் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. ஓர் அடாப்டர் போட்டால் 1993-இன் லென்ஸ் அதில் அப்படியே பொருந்துகிறது. பாடிக்குள்ளேயே சென்சாரைத் தாங்கி நடுக்கம் தணிக்கும் வசதி இருப்பதால், என் லென்ஸுக்கு இத்தனை ஆண்டு கழித்து ஐஎஸ் வந்தது போலாயிற்று. நன்மங்கலத்து நிழலில்கூட இப்போது கொஞ்சம் தைரியமாக நிற்க முடிகிறது. பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடரும் ஃபோகஸ், ஆலாவைப் பொறுத்தவரை உண்மையிலேயே பெரிய மாற்றம். இருபது வயதுப் பிள்ளைகள் முதல் நாளிலேயே எடுக்கிற பறக்கும் படங்களுக்காகப் பெரியவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். ஓர் எச்சரிக்கை மட்டும்: எலெக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 30 படம் வரை எடுக்கலாம் என்று மயங்க வேண்டாம். இந்தச் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. வேகமாக அடிக்கும் இறக்கை அதற்குள் நகர்ந்துவிடுவதால் படத்தில் வளைந்து கோணலாகும். நான் மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 படத்தோடு நிற்கிறேன். அதுவே தாராளம்.

சென்ற ஆண்டு தோள்பட்டை வலி வந்தபோது, புதிய ஆர்எஃப் 100-500-ஐ வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். எடை என் 400-ஐவிடக் கொஞ்சம் கூடவே. ஆனால் சுருக்கினால் கைப்பைக்குள் போய்விடுகிறது. ஒரு மீட்டருக்குள் வரும் வண்ணத்துப்பூச்சியையும் எடுக்கிறது. மொட்டை மாடிச் செம்பருத்திக்கு வரும் ஊதாத் தேன்சிட்டை 400-இல் எடுக்க நான் சுவரோடு ஒட்டிப் பின்னால் போக வேண்டும். இதில் இருந்த இடத்திலேயே எடுத்தேன். கூர்மையான படங்கள். வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஞாயிறு இரவு லென்ஸைத் திருப்பிக் கொடுக்கத் துடைத்துக்கொண்டிருந்தபோது அதன் கழுத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். 500-இல் எஃப்/7.1. மேசையில் கிடந்த விடைத்தாளின் ஓரத்தில் வகுத்தேன்: 70.4. என் பழைய லென்ஸுக்கு 71.4. இருபத்தேழு ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு கண்ணாடிகளும் பறவையிடமிருந்து ஏறக்குறைய ஒரே அளவு ஒளியைத்தான் வாங்கிக்கொள்கின்றன. வண்ணத்துப்பூச்சிக்காரர்களுக்கு அது அருமையான லென்ஸ், தயங்காமல் வாங்கலாம். நான் திங்கட்கிழமை காலை கடையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிசியோதெரபிக்கு நேரம் கேட்டு போன் செய்தேன்.